ரிமோட் டிரக் இழுக்க ஒரு கேம்பர்: பத்தில் ஒரு பங்கு அளவில் டிரெய்லர் செய்வது எப்படி

ரிமோட் டிரக்குக்குக் கேம்பர், அதாவது சக்கரம் வைத்த வீடு மாதிரியான டிரெய்லர், செய்யக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஜன்னலைப் பற்றி. அடுத்து உள்ளே போடும் கட்டில், அடுப்பு, திரைச்சீலை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மொத்தம் எத்தனை கிராம், அதில் கூரைக்கு எத்தனை கிராம்? அலமாரியில் நிற்கப் போகும் மாடலை எப்படி வேண்டுமானாலும் செய்யலாம். கல்லிலும் சரிவிலும் இழுபடப் போகும் மாடலுக்கு எடைதான் முதல் வரைபடம். கீழே கனம், மேலே லேசு என்ற கணக்கு பிசகினால், எவ்வளவு அழகான கேம்பரும் முதல் பக்கச் சரிவிலேயே மல்லாந்துவிடும்.

கோயம்புத்தூரில் விளம்பரப் பலகை செய்யும் கடை வைத்திருக்கிறேன். சன்போர்டு என்ற லேசான பிவிசி நுரைப் பலகையை வெட்டுவது, அக்ரிலிக் எழுத்து ஒட்டுவது, ஸ்டிக்கர் இழுப்பது, உள்ளே எல்.இ.டி. வைப்பது, இவைதான் பிழைப்பு. அதனால் என் கேம்பரில் பாதி கடை மிச்சம். உங்களிடம் கடை இல்லாவிட்டால் பரவாயில்லை. எந்த ஊரிலும் சைன்போர்டு கடையில் வெட்டு மிச்சத்தை எடைக்குப் போடாமல் மூலையில் குவித்திருப்பார்கள். சிரித்த முகத்தோடு கேட்டால் தருவார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் 1/10 அளவுக்கு. இழுக்கும் வண்டி கல்லிலும் மேட்டிலும் மெதுவாக ஏறும் கிராலர் வகை டிரக், எடை மூன்று கிலோ அளவில். ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10-II என்றால் இரு அச்சுகளுக்கும் இடையே 313 மி.மீ., டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 என்றால் 324 மி.மீ. இரண்டுமே 1.2 கிலோ டிரெய்லரை மூச்சு வாங்காமல் இழுக்கும். அதற்கு மேல் போனால் இறக்கத்தில் டிரெய்லர்தான் டிரக்கை ஓட்டும்.

எதை மாதிரியாக வைத்துக்கொள்வது? ஏர்ஸ்ட்ரீம் என்ற உருண்டையான அமெரிக்க அலுமினிய டிரெய்லரைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அதன் முன்னும் பின்னும் தகடு இரண்டு திசையில் வளைகிறது. துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்தால்தான் அந்த உருண்டை வரும். முதல் கேம்பருக்கு அது தண்டனை. 1960-களில் அமெரிக்காவில் ஓடிய, ஹாம் டின் என்று அவர்கள் செல்லப்பெயர் வைத்த வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கச் சுவர் இரண்டும் தட்டை. கூரை மட்டும் முன்னிருந்து பின்வரை ஒரே திசையில் வளைந்து இறங்கும். ஒரு தகட்டை மேலே போர்த்தினால் வேலை முடிந்தது. இந்த வகையில் எனக்குப் பிடித்தது ஷாஸ்டா ஏர்ஃபிளைட்: பின்மூலைகளில் சின்ன உலோகச் சிறகு, பக்கத்தில் இரண்டு நிறம், உள்ளே முழுக்க பர்ச் பிளைவுட். 1961-ஆம் ஆண்டு வடிவத்தை அந்த நிறுவனமே 2015-இல் மறுபடி செய்து விற்றது. பழையதைப் பழுதுபார்ப்பவர்கள் சுவரைக் கழற்றி எலும்புக்கூடு வரை படம் எடுத்துப் போடுகிறார்கள். மாடல் செய்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மாடலின் முழு அளவுப் படத்தை முதலில் தாளில் வரையுங்கள். என் அளவுகள்: உடல் நீளம் 360, அகலம் 200, உயரம் 190 மி.மீ. நேர் பக்கவாட்டில் எடுத்த புகைப்படம் ஒன்றை எடுத்து, கதவின் உயரத்தை வைத்துப் பெரிதாக்கி அச்சிட்டால், வளைவை அதன்மேலேயே தொட்டு வரையலாம். கூடவே 170 மி.மீ. உயரத்தில் ஓர் அட்டை மனிதனை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். இருக்கை 45 மி.மீ., மேசை 72, சமையல் மேடை 90 என்று அளவுகோல் சொல்லும். ஆனால் அந்த மனிதனை மேடை முன் நிறுத்திப் பார்க்கும்போதுதான் கைப்பிடி மூன்று மடங்கு பெரிது என்பது கண்ணில் படும். மாடல் பொம்மையாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் தடிமன்தான்: தடித்த கதவு, தடித்த ஜன்னல் சட்டம், தடித்த துணி.

பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் சமையலறைத் தராசை மேசைக்கு எடுத்து வாருங்கள். 3 மி.மீ. சன்போர்டு ஒரு சதுர அடி ஏறக்குறைய 150 கிராம். அதே தடிமனில் பிளைவுட் 180 பக்கம், அக்ரிலிக் 330. சுவருக்கு அக்ரிலிக் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். லேசரில் சுத்தமாக வெட்டு விழுகிறதே என்ற ஆசை. வேண்டாம். சன்போர்டைக் கத்தியாலேயே வெட்டலாம். தரைக்கு மட்டும் பிளைவுட். அங்கே கனம் இருப்பது நல்லது, திருகாணியும் பிடிக்கும்.

அடிச்சட்டம்

10 மி.மீ. சதுர அலுமினியக் குழாய் போதும். உடலின் நீளத்துக்கு இரண்டு சட்டம், நடுவே மூன்று குறுக்குச் சட்டம். முன்னால் இரண்டு சட்டமும் குவிந்து கொக்கியில் சேரும் முக்கோணம்தான் எல்லோர் கண்ணிலும் முதலில் படும். அமெரிக்க டிரெய்லர்களில் அந்தக் கோணம் பொதுவாக 50 பாகை; நீங்களும் அதையே வையுங்கள். 30 பாகையில் ஒடுக்கி வைத்தால் ஏதோ தப்பு என்று பார்ப்பவருக்குத் தோன்றும், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. உடலின் முன்முகத்திலிருந்து கொக்கி வரை 130 மி.மீ. விடுங்கள். இந்த நீளம் டிரக்கின் பாதி அகலத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான், பின்னால் எடுத்து ஒடிக்கும்போது பம்பர் மூலை கேம்பர் முகத்தைக் குத்தாது.

சக்கரத்துக்கு என் தீர்மானம் எளிது: டிரக்கில் என்ன டயரோ, டிரெய்லரிலும் அதே டயர். சக்கரங்களின் இடைவெளியும் அதே. காட்டுப் பாதையில் நிஜ டிரெய்லர் இழுப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். ஸ்டெப்னி இரண்டுக்கும் பொது, முன்வண்டி போட்ட தடத்திலேயே பின்வண்டியும் வரும். அந்தக் கால நெடுஞ்சாலை டிரெய்லரின் சின்னச் சக்கரத்தைப் போட்டால் படத்துக்கு அழகு, முதல் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் இறுக்கிவிடக் கூடாது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். தண்டு ஒன்றாக இருந்தால் ஏதாவது ஒரு டயர் தேய்ந்துகொண்டே வரும், டிரெய்லர் நேராகப் போகத்தான் பார்க்கும். வெளிவிட்டம் 12, உள்விட்டம் 10 மி.மீ. அலுமினியக் குழாயை அச்சாக வைத்து, இரு பக்கமும் தனித்தனி 5 மி.மீ. எஃகுத் தண்டு விடுங்கள். தண்டுக்கு இரண்டு வீதம் 5×10×4 அளவு பேரிங் குழாய்க்குள் சொருகி உட்காரும். தண்டின் வெளிமுனையில் லேத் பட்டறையில் எம்4 மரை வெட்டி, 2 மி.மீ. ஊசிக்குத் துளை போட்டுத் தரச் சொல்லுங்கள். சக்கரத்தைப் பிடிக்கும் 12 மி.மீ. அறுகோணத் துண்டும் சக்கரமும் டிரக்கில் ஏறுவது போலவே இதிலும் ஏறும். இவ்வளவு வேலைக்கு மனமில்லையென்றால், மாற்றிப் போட்ட பழைய பின் அச்சு கையில் இருந்தால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டு அப்படியே பொருத்தலாம். கனம்தான். ஆனால் கனம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

ஸ்பிரிங் பட்டைக்கு, மரப்பெட்டிகளைக் கட்டி வரும் நீல நிற எஃகுப் பட்டையைத் தேடுங்கள். அரை மி.மீ. தடிமன் இருக்கும். தகரக் கத்தரியால் 6 மி.மீ. அகலத்துக்குக் கிழித்து, நீளமான பட்டை 90 மி.மீ., அதன் கீழே 60 என்று இரண்டு அடுக்கு வைத்தால் போதும். லாரியைப் பார்த்து ஏழு அடுக்கு அடுக்கினால் ஸ்பிரிங் அசையவே அசையாது. ஒன்றேகால் கிலோ டிரெய்லர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். நீளப் பட்டையின் இரு முனையையும் 3 மி.மீ. ஆணியைச் சுற்றி மூக்குக் குறடால் சுருட்டுங்கள். முன்முனை சட்டத்தில் நிலையாக நிற்கட்டும். பின்முனையை 12 மி.மீ. நீளமுள்ள ஒரு ஜோடிச் சின்னத் தகட்டில் தொங்கவிடுங்கள். பட்டை நிமிரும்போது நீளும். அந்த நீட்டத்துக்குப் போக இடம் வேண்டும். இரு முனையையும் இறுக்கிவிட்டால் அது ஸ்பிரிங் இல்லை, இன்னொரு குறுக்குச் சட்டம்.

கொக்கி. நிஜத்தில் 2 அங்குல உருண்டை. 1/10-இல் 5 மி.மீ. டிரக்கின் ஸ்டீயரிங் கம்பியில் வரும் 5.8 மி.மீ. உலோக உருண்டையும் அதற்கான பிளாஸ்டிக் கிண்ணமும் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். உருண்டை பம்பரில், கிண்ணம் டிரெய்லரில். இதை மட்டும் நம்பினால் டிரக் ஒரு பக்கம் சாய்ந்து டிரெய்லர் மறுபக்கம் சாயும்போது கிண்ணம் கழன்றுவிடும், ஏனென்றால் அது சாய ஓரளவுதான் இடம் உண்டு. ஆகவே கிண்ணத்தைத் தாங்கும் எம்3 கம்பியைச் சட்டத்தில் இறுக்காமல் ஒரு பித்தளைக் குழாய் வழியாக விட்டு, பின்முனையில் நைலான் வைத்த நட்டைப் பாதி மட்டும் முடுக்குங்கள். கம்பி தன்னிச்சையாகச் சுழலும். டிரெய்லர் முழுக்கக் கவிழ்ந்தாலும் டிரக் நான்கு சக்கரத்தில் நிற்கும். மேடு பள்ளத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் குழாய் ஒன்றுதான் உயிர் காக்கும்.

இப்போது அச்சை எங்கே வைப்பது என்ற கணக்கு. நிஜ டிரெய்லருக்கு, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது விதி. அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் பின்வண்டி வாலாட்டத் தொடங்கும். நம் கிராலர் நடை வேகத்தில் போவதால் வாலாட்டம் ஒரு பிரச்சினையில்லை, பிரச்சினை ஏற்றத்தில். கொக்கியில் எடை குறைந்தால் டிரெய்லர் பின்பக்கம் சாய்ந்து டிரக்கின் பின்சக்கரத்தைத் தூக்கும். அதிகமானால் டிரக்கின் முன்சக்கரம் லேசாகி மூக்கு வானத்தைப் பார்க்கும். என் அளவில் அச்சு உடலின் முன்முகத்திலிருந்து 200 மி.மீ.-இல், அதாவது நடுவிலிருந்து 20 மி.மீ. பின்னால். கொக்கியிலிருந்து அச்சு வரை 330 மி.மீ. முன்னால் இருக்கும் முக்கோணமும் அதன்மேல் வரப் போகும் கேஸ் சிலிண்டரும் சேர்ந்து எடையின் மையத்தை 170 பக்கம் இழுத்துவிடும். 30-ஐ 330-ஆல் வகுத்தால் 9 சதவீதம். மீதியைப் பேட்டரியும் கடைசியில் ஒட்டும் ஈயமும் பார்த்துக்கொள்ளும். அச்சைச் சட்டத்தில் பொருத்தும் துளையை நீள்துளையாக 10 மி.மீ. வெட்டி வைத்தால் பிறகு முன்பின் நகர்த்தலாம்.

சுவரும் தோலும்

பக்கச் சுவர் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டிச் சேர்த்தே வெட்டுங்கள், சேர்த்தே உப்புத்தாள் போடுங்கள். இல்லையென்றால் கூரைத் தகடு முறுக்கிக்கொண்டு உட்காரும். ஜன்னல் மூலைகள் வளைந்தவை. முதலில் நான்கு மூலையிலும் 12 மி.மீ. டிரில் பிட்டால் துளை போட்டு, பிறகு துளைகளைக் கத்தியால் நேர்கோட்டில் இணைத்தால் நான்கும் ஒரே வளைவாக வரும். சன்போர்டுக்குச் சன்போர்டு ஒட்ட, பிளம்பர் பிவிசி குழாய்க்கு வைக்கும் சொல்யூஷன் நன்றாகப் பிடிக்கும். ஃபெவிக்விக் தற்காலிகமாக நிறுத்த மட்டும். அக்ரிலிக் ஒட்டும் குளோரோஃபார்ம் இங்கே உதவாது. எதை ஒட்டினாலும் ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டுங்கள்.

டயர் மேலே வரும் இடத்தில் 15 மி.மீ. இடைவெளி விட்டு அரைவட்டம் வெட்டி, உள்ளே பெட்டி கட்டி மூடிவிடுங்கள். அந்தப் பெட்டியை ஒரு பக்கம் சமையல் மேடைக்கடியிலும் மறுபக்கம் இருக்கைக்கடியிலும் ஒளிக்க வேண்டும். நிஜத்திலும் அப்படித்தான் ஒளித்தார்கள்.

அடுத்து அலுமினியத் தோல், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வரி வரியான அலுமினியம் இந்த கேம்பரின் முகம். அதை பிளாஸ்டிக்கில் செய்து வெள்ளி நிறம் அடித்தால் பிளாஸ்டிக்காகத்தான் தெரியும். ஆஃப்செட் அச்சகத்துக்குப் போங்கள். ஒரு முறை ஓடி முடிந்த பிளேட்டுகளை அவர்கள் எடைக்குத்தான் போடுகிறார்கள். சிறிய இயந்திரத்தின் பிளேட் 0.15 மி.மீ., பெரிய இயந்திரத்தினுடையது 0.3 மி.மீ. பக்கங்களுக்கு முதலாவது, கூரைக்கு இரண்டாவது. சுத்த அலுமினியத்துக்குக் கிட்டத்தட்ட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

பிளேட்டின் ஒரு முகம் பளபளப்பு. மறுமுகத்தில் நீலமோ பச்சையோ பூச்சு இருக்கும், அதில் போன வார கல்யாணப் பத்திரிகை அப்படியே தெரியும். அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தால் பூச்சு போய், பூச்சும் தண்ணீரும் பிடிப்பதற்காகச் சொரசொரப்பாக்கிய சாம்பல் நிற அலுமினியம் வெளிவரும். பெயின்ட் அடிக்கும் பகுதிக்கு இந்தச் சொரசொரப்பு முகத்தை வெளியே வையுங்கள். பிரைமர் கெட்டியாகப் பிடிக்கும். வெறும் உலோகமாகவே விடப் போகும் பகுதிக்குப் பளபளப்பு முகம்.

வரி போடுவதற்கு முன் தகட்டை இளக்க வேண்டும். இளக்காத தகட்டில் அழுத்தினால் கோட்டின் ஓரத்தில் தகடு அலை அலையாகக் குழம்பும். அலுமினியத்தில் ஒரு தொல்லை: எஃகு போலச் சிவந்து எச்சரிக்காது, 660 பாகையில் திடீரென்று ஓட்டை விழுந்துவிடும். அதற்குப் பழைய பட்டறை வழி ஒன்று இருக்கிறது. தகட்டின் மேல்முகத்தில் துணி சோப்புக் கட்டியால் ஒரு கோடு இழுங்கள். இடுக்கியில் பிடித்து, அடிமுகத்தை மட்டும் கேஸ் அடுப்புச் சுடருக்கு மேலே மெதுவாக நகர்த்துங்கள். முதலில் சோப்பு நுரைத்து வறளும், பிறகு பழுப்பாகும். பழுப்பு கறுக்கத் தொடங்கியதும் அந்த இடம் முடிந்தது, நகர்ந்து விடுங்கள். ஆறியபின் தகட்டைத் தூக்கிப் பாருங்கள். விறைப்பு போய், பிடித்த இடத்தில் வாழையிலை மாதிரி தொங்கும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, இரும்பு ஸ்கேல், அடியில் பழைய மவுஸ் பேட். 5 மி.மீ. இடைவெளியில் கோடு இழுத்துக்கொண்டே போனால் மறுபக்கத்தில் வரி எழும்பும். ஒவ்வொரு கோட்டையும் ஒரே மூச்சில் முடியுங்கள். பாதியில் நிறுத்தித் தொடர்ந்தால் நிறுத்திய புள்ளி பெயின்ட்டுக்குப் பிறகும் தெரியும்.

தகட்டைச் சுவரில் ஒட்ட வெள்ளைப் பசை வேண்டாம். உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மாட்டிய ஈரம் எங்கே போகும்? நாள்கணக்கில் காயாது. மெல்லிய இரட்டைப்பக்க டிஷ்யூ டேப்பை முழுப் பரப்பிலும் ஒட்டி, ஒரு முனையிலிருந்து ஸ்டிக்கர் தேய்க்கும் ரப்பர் ஸ்க்வீஜியால் தேய்த்துக்கொண்டே படுக்க வையுங்கள். வரிகள் மேல் அழுத்தாமல் வரிகளுக்கு இடையே தேய்க்க வேண்டும்.

கூரைக்குச் சுவரின் வளைவையே பின்பற்றும் ஐந்து விலா எலும்புகள், 3 மி.மீ. சன்போர்டில் 10 மி.மீ. பட்டையாக. அவற்றின்மேல் 0.3 மி.மீ. பிளேட் ஒரே துண்டாக முன் அடியிலிருந்து பின் அடிவரை. கூரைப் பகுதி எல்லாம் சேர்த்து 150 கிராமைத் தாண்டக் கூடாது. மூலை மூட்டை மறைக்க 4 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை, அதில் 10 மி.மீ.-க்கு ஒரு குண்டூசித் தலை. திருகாணி வரிசையாகத் தெரியும். சிறகுகளை இப்போது ஒட்டாதீர்கள். வேலை முடியும் முன் சட்டையில் மாட்டிக் கிழியும்.

உள்ளே

அந்தக் கால கேம்பர்களில் தரைமேல் முதலில் அலமாரியும் கட்டிலும் கட்டி, அதைச் சுற்றிச் சுவர், அதற்கு வெளியே தகடு என்று உள்ளிருந்து வெளியே கட்டினார்கள். நமக்கும் அது வசதி. சாமான்கள் எல்லாம் தரைப் பலகையோடு நிற்கட்டும். சுவரும் கூரையும் ஒரே கூடாக மேலே கழன்று வரட்டும். அடியிலிருந்து நான்கு எம்3 திருகாணி. காந்தம் வைக்கலாம் என்பார்கள். உருண்டு விழும்போது காந்தம் விட்டுக்கொடுத்துவிடும்.

மர வேலைக்கு அரை மி.மீ. வெனீர், அதாவது மரத்தைச் சீவிய மெல்லிய தாள். பிளைவுட் கடையில் தேக்கு வெனீரைத்தான் முதலில் காட்டுவார்கள். அழகுதான், ஆனால் அதன் ரேகை 1/10 அளவில் ஒரு அலமாரிக் கதவு முழுவதையும் ஒரே அலையாக மறைத்துவிடும். ரேகை தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் துண்டாகப் பொறுக்குங்கள். பர்ச் கிடைத்தால் நல்லது, ஐஸ்கிரீம் குச்சியின் மரம்கூடப் பரவாயில்லை. மேல்பூச்சுக்குத் தச்சர்கள் வைத்திருக்கும் அவலரக்கு பாலிஷ், மெல்லியதாக இரண்டு கை. அந்த அமெரிக்க கேம்பர்களின் உள்சுவரில் தேன் நிறம் கொடுத்ததும் இதே அரக்குதான். நிறத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மேசை மேலுள்ள மைக்காவுக்கு ஸ்டிக்கரில் அச்சிட்டு ஒட்டலாம். இருக்கைக்கு 5 மி.மீ. ஸ்பாஞ்ச், மேலே பழைய கைக்குட்டைத் துணி. திரைச்சீலைக்கு மல் துணியைத் தவிர வேறு எதுவும் மடிப்பில் விழாது. ஃபெவிக்காலில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, பல் சீப்பின் பற்களுக்கிடையில் அழுத்திக் காயவிட்டால் மடிப்பு நிற்கும். பூப்போட்ட துணியென்றால் ஒரு பூ 3 மி.மீ.-க்கு மேல் இருக்கக் கூடாது.

ஜன்னல், நம் ஊர்க் குளியலறையில் இருக்குமே, அந்த லூவர் வகை. 1 மி.மீ. அக்ரிலிக்கை 10 மி.மீ. பட்டையாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று 2 மி.மீ. ஏறும்படி சாய்த்து அடுக்குங்கள். பட்டையின் நீள விளிம்பை 1000 நம்பர் தாளில் தேய்த்துவிட்டால் வெளிச்சம் அந்த விளிம்பில் பிடித்து நிஜக் கண்ணாடி ஆகிவிடும்.

விளக்குக்கு டிரக்கிலிருந்து கம்பி இழுக்காதீர்கள். கொக்கி கழலும் நாளில் முதலில் அறுவது அந்தக் கம்பிதான். மூன்று ஏஏஏ பேட்டரி உள்ள கூட்டை முன் இருக்கைக்கடியில் தரையோடு வையுங்கள். விளக்கும் எரியும், கொக்கிக்கு எடையும் கூடும். 4.5 வோல்ட்டுக்கு, மஞ்சள் சாயல் வெள்ளை எல்.இ.டி. ஒவ்வொன்றுக்கும் 150 ஓம், பின்பக்கச் சிவப்புக்கு 270 ஓம். சுமார் 10 மில்லி ஆம்பியர்தான் போகும், அதுவே அதிகம். கடையில் விற்கும் மின்தடையின் மதிப்பை நம்பாமல், இருட்டில் எரியவிட்டு, வெளிச்சம் கூடினால் 470 வரை ஏற்றிப் பாருங்கள். மாடல்களில் பாதி, உள்ளே வெல்டிங் நடப்பது போல எரிகின்றன. இன்னொன்று: வெள்ளைச் சன்போர்டு வழியே ஒளி கசியும். ஜன்னல் ஓரம் மொத்தமும் மங்கலாக ஒளிரும். உள்முகத்தில் வெனீர் ஒட்டும் முன் ஒரு கை கறுப்பு அடித்துவிடுங்கள்.

முக்கோணத்தின் மேல் கேஸ் சிலிண்டர். அமெரிக்காவின் 20 பவுண்டு சிலிண்டர் சுமார் 12 அங்குல விட்டம், 18 அங்குல உயரம். 32 மி.மீ. பிவிசி குழாயில் 36 மி.மீ. வெட்டி, மேலும் கீழும் எம்-சீல் உருட்டிக் குவித்தால் அச்சு அசல். பாதுகாப்புச் சங்கிலிக்குக் கவரிங் கடைக்குப் போங்கள், 2 மி.மீ. கண்ணியுள்ள சங்கிலி கிடைக்கும். இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். நிஜத்தில் கொக்கி கழன்றால் இழுவை முனை தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தொட்டிலாகத் தாங்கும். மாடலிலும் தாங்குகிறது.

பெயின்ட்டுக்கு முன் ஓட்டம்

பிரைமரைத் தொடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். ஒட்டு விடுவதும் டயர் உரசுவதும் இப்போதே தெரிந்தால் நல்லது. முதலில் தராசு. முழு டிரெய்லரை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சக்கரங்களைத் தரையில் விட்டு, தராசின்மேல் ஒரு கட்டையை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கி, டிரக்கில் நிற்கும் அதே உயரத்தில் கொக்கியை அதன்மேல் வையுங்கள். 1,200 கிராம் டிரெய்லருக்கு 120 பக்கம் காட்ட வேண்டும். குறைந்தால், பஞ்சர் கடையில் சக்கரத்துக்கு ஒட்டும் 5 கிராம் எடைகளை முன் குறுக்குச் சட்டத்தில் ஒட்டுங்கள்.

அடுத்தது சாய்வு. ஒரு பலகையில் டிரெய்லரைப் பக்கவாட்டில் நிறுத்தி, சக்கரத்தின் ஓரத்தில் வழுக்காமல் ஒரு ரீப்பர் அடித்து, பலகையை மெல்ல உயர்த்துங்கள். கைபேசியின் ரசமட்டத்தைப் பலகையில் வைத்துக் கோணத்தைப் பாருங்கள். டிரக் எந்தக் கோணத்தில் கவிழ்கிறதோ அதைவிட முன்னதாக டிரெய்லர் கவிழக் கூடாது. கவிழ்ந்தால் மேலிருக்கும் எதையோ குறைக்க வேண்டும். பெரும்பாலும் கூரைமேல் ஆசையாக வைத்த ஏணி, பெட்டி, படகு. முடியாவிட்டால் அச்சுக் குழாயில் ஈயம் கட்டுங்கள். கூரையில் சேர்த்த ஒரு கிராமுக்கு ஈடு கட்ட கீழே பல கிராம் போக வேண்டும். டிரக்கின் மோட்டாருக்குத்தான் அந்தச் செலவு.

ஓட்டம் திருப்தியானால் பிரைமர், வெள்ளை, நிறம் என்று மெல்லிய கைகள். முதலில் முழு உடலுக்கும் வெள்ளை, காய்ந்தபின் மறைப்பு டேப் ஒட்டிக் கீழ்ப்பாதிக்கு நிறம். வரிகளின் குழியில் டேப் ஒட்டாமல் தூக்கிக்கொள்ளும். நிறம் அடிக்கும் முன் டேப் விளிம்பில் அதே வெள்ளையை ஒரு கை அடித்தால் இடுக்கை அது அடைத்துவிடும், நிறம் கசியாது. அழுக்கு பூசுவதில் கை அடங்க வேண்டும். டயர் தெறிக்கும் இடத்தில் செம்மண், ஜன்னல் கீழ்மூலையில் மழை ஒழுகிய கோடு, அவ்வளவுதான்.

டிரெய்லர் வேண்டாம், டிரக்கின் தொட்டியிலேயே ஏற்றும் கேம்பர் போதும் என்பவர்களுக்கும் இதே முறைதான், ஆனால் எடைக் கணக்கு இன்னும் கறார். ஜப்பானிய நிறுவனம் டாமியா 1985-இல் விட்ட புரூசர் என்ற ரிமோட் டிரக்கிலேயே தொட்டிக்கு மேல் மூடி ஒன்று வந்தது. அது வெறும் மூடி என்பதால் தப்பித்தது. படுக்கையும் அடுப்பும் வைத்த முழு கேம்பர் பின் அச்சின்மேல், அதுவும் உயரத்தில் உட்கார்கிறது. 350 கிராமுக்கு மேல் போகாதீர்கள், பின் ஸ்பிரிங்கை ஒரு படி கடினமாக மாற்றுங்கள். 1970, 80-களில் சிறிய டொயோட்டா பிக்கப் மீது வீடு கட்டி விற்றபோது நிஜ வண்டிகளின் பின் அச்சே தாங்கவில்லை, பிறகு கனமான அச்சுக்கு மாற வேண்டியிருந்தது. தொட்டியின் அகலத்துக்கு, அமெரிக்கப் பெரிய பிக்கப்பில் சக்கரப் புடைப்புகளுக்கிடையே 48 அங்குலம், ஒரு பிளைவுட் தாள் படுக்கும் அகலம். 1/10-இல் 122 மி.மீ. ஆனால் ரிமோட் டிரக்கின் தொட்டிகள் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டவை அல்ல, உங்கள் வண்டியை அளந்தே வெட்டுங்கள்.

ஓட்டிவிட்டு வந்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள், பேரிங்கில் மணல் இருந்தால் தட்டிவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சித்திரை வெயிலில் காரின் பின்கண்ணாடிக்கடியில் கேம்பரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். 60 பாகையைத் தாண்டினால் சன்போர்டு இளகத் தொடங்கும், கூரைத் தகட்டின் விறைப்பு சுவரை வெளியே தள்ளும், அப்படி வளைந்த சுவரை நிமிர்த்த வழி கிடையாது. பழைய துண்டில் சுற்றி இருக்கைக்கடியில் தள்ளிவிடுங்கள், சிறகுகளை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.